அத்தியாயம் 9: 'ஹூஸ்' என்னும் உடைமைச் சொல்லால் வாக்கியங்களை இணைத்தல்

பரீட்சை முடிவுகளையும் உத்தியோகத் தேர்வு முடிவுகளையும் ஆங்கிலத்தில் வெளியிடும் அறிவிப்புகளில், எண்களின் நீண்ட வரிசை தொடங்குவதற்கு முன்னால், பெரும்பாலும் இவ்விதமான ஒரு வாக்கியம் காணப்படும்: "தி கேண்டிடேட்ஸ் ஹூஸ் ரெஜிஸ்டர் நம்பர்ஸ் ஆர் கிவன் பிலோ ஹேவ் பாஸ்ட்." யாருடைய பதிவெண்கள் கீழே தரப்பட்டிருக்கின்றனவோ அவர்கள் தேறிவிட்டார்கள் என்பது இதன் அர்த்தம். தம் எண் வந்திருக்கிறதா என்று துடிப்போடு தேடுகிறவருக்கு அவ்வாக்கியத்தின் அமைப்பை ஆராய அவகாசம் இராது என்பது நியாயமே. ஆயினும் ஆங்கிலம் பயில்கிறவர், எண்ணைக் கண்டு மனம் தெளிந்த பிறகாவது, அந்த வாக்கியத்தின் நடுவே நிற்கும் 'ஹூஸ்' என்ற சிறு சொல்லைத் திரும்பிப் பார்த்தாரானால், இந்த அத்தியாயத்தில் நாம் சொல்லப்போகிற விஷயங்களில் பெரும்பகுதி அந்த ஒரு வாக்கியத்துக்குள்ளேயே அடங்கியிருப்பதைக் காண்பார்.

'ஹூ', 'விச்', 'தட்' என்னும் மூன்று இணைப்புச் சொற்களையும் முந்திய அத்தியாயங்களில் விரிவாகப் பார்த்தோம். அவை ஒரு பெயரைப் பின்தொடர்ந்து வந்து, அப்பெயரைப் பற்றிய மற்றொரு வாக்கியத்தை அதனோடு பிணைக்கின்றன. 'ஹூஸ்' என்பதும் அவ்வகுப்பைச் சேர்ந்ததுதான். ஆனால் அது பிணைப்பதோடு நில்லாமல், நம் இலக்கணத்தில் ஆறாம் வேற்றுமை செய்கிற காரியத்தையும், அதாவது 'இன்னாருடைய' என்று உரிமை காட்டும் காரியத்தையும், அதே மூச்சில் செய்துவிடுகிறது. இந்த இரட்டைத் தொழிலே இச்சொல்லின் விசேஷம். மாணவர்கள் இதில் தடுமாறுவதற்குக் காரணமும் இதுவே. உரிமை காட்டும் சொல் எதுவாயினும் அதன் பின்னால் உரிமைப் பொருள் ஒன்று வந்தே தீரவேண்டும். ஆகையால் 'ஹூ' தனித்து நிற்கும். 'ஹூஸ்' தனித்து நில்லாது, தனக்கு உரிய பெயர்ச்சொல்லைக் கையோடு அழைத்துக்கொண்டே எங்கும் போகும். இந்த ஒன்றை மனத்தில் இருத்திக்கொண்டவருக்கு இனி வரும் நியமங்கள் யாவும் தாமாகவே விளங்கும் என்பது எங்கள் அநுபவம்.

இனிப் பிரயோகத்துக்கு வருவோம். "ஐ நோ எ பாய். ஹிஸ் ஃபாதர் இஸ் எ டாக்டர்." எனக்கு ஒரு பையனைத் தெரியும், அவனுடைய தகப்பனார் வைத்தியர். இந்த இரண்டு வாக்கியங்களில், இரண்டாவதின் தலையில் நிற்கும் 'ஹிஸ்' என்ற உடைமைச் சொல் முதல் வாக்கியத்துப் பையனைக் குறிக்கிறது. அதை எடுத்துவிட்டு அவ்விடத்தில் 'ஹூஸ்' என்பதை வைத்தால், "ஐ நோ எ பாய் ஹூஸ் ஃபாதர் இஸ் எ டாக்டர்" என்று இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன. பையனுக்குப் பதிலாகப் பெண் வந்து 'ஹெர்' என்று இருந்தாலும், பலர் வந்து 'தெயர்' என்று இருந்தாலும், மரமோ வீடோ வந்து 'இட்ஸ்' என்று இருந்தாலும், எல்லாவற்றின் ஸ்தானத்திலும் 'ஹூஸ்' என்ற ஒரே சொல்லே வரும். ஆண்பால், பெண்பால், ஒருமை, பன்மை என்னும் வித்தியாசம் அதற்கு இல்லை. ஆங்கிலத்தின் பல தொல்லைகளுக்கு நடுவே இது மாணவருக்குக் கிடைத்த ஒரு சலுகை என்றே கொள்ளலாம்.

உடைமைச் சொல் இரண்டாம் வாக்கியத்தின் தலையிலேயே இருக்குமிடத்தில் இவ்வளவு சுலபமாகக் காரியம் முடிந்துவிடுகிறது. அது வாக்கியத்தின் உள்ளே, செயப்படுபொருளோடு சேர்ந்து கிடக்கும்போதுதான் கவனம் அவசியமாகிறது. "தட் இஸ் தி ரைட்டர். வி ரெட் ஹிஸ் நாவல்." அவர்தாம் அந்த ஆசிரியர், அவருடைய நாவலை நாங்கள் படித்தோம். முதற்படியாக 'ஹிஸ்' என்பதை 'ஹூஸ்' ஆக்குங்கள்; இரண்டாம் படியாக, 'ஹூஸ் நாவல்' என்ற இரண்டு சொற்களையும் பிரிக்காமல் ஒரு கட்டாகத் தூக்கி, வாக்கியத்தின் முன்னால் கொண்டுவந்து வையுங்கள். "தட் இஸ் தி ரைட்டர் ஹூஸ் நாவல் வி ரெட்" என்பது கிடைக்கும். 'ஹூஸ்' என்பதை மட்டும் முன்னால் இழுத்துவிட்டு, நாவலைப் பழைய இடத்திலேயே விட்டு, "ஹூஸ் வி ரெட் நாவல்" என்று எழுதுவது பள்ளிக்கூடத்து நோட்டுப் புத்தகங்களில் அடிக்கடி தென்படுகிற பிழை. கட்டு எவ்வளவு நீளமாயினும் அதைப் பிரிக்கக் கூடாது. "வி அட்டெண்டட் ஹிஸ் டாட்டர்ஸ் வெட்டிங்" என்பதில், அவருடைய, மகளுடைய, கல்யாணம் என்று உடைமை இரண்டு அடுக்காக வருகிறது. முதல் அடுக்கு மட்டுமே 'ஹூஸ்' ஆகும். மற்றவை அப்படியே அதன் பின்னால் தொடரும். "தி ஃப்ரெண்ட் ஹூஸ் டாட்டர்ஸ் வெட்டிங் வி அட்டெண்டட்" என்று மூன்று சொற்களும் கைகோத்து முன்னே வந்துவிடும்.

இவ்விடத்தில் தமிழ் மாணவருக்கென்று பிரத்தியேகமாக ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. நம் பாஷையில் இவ்வகை வாக்கியத்துக்குப் பெயரெச்சம் ஒன்றே போதும். கால் உடைந்த நாற்காலி என்கிறோம். மகன் பட்டணத்தில் இருக்கிற கிழவர் என்கிறோம். நாற்காலியினுடைய கால், கிழவருடைய மகன் என்ற சம்பந்தத்தைக் காட்ட எந்த உருபையும் நாம் வைப்பதில்லை; கேட்கிறவருடைய மனமே அதை நிரப்பிக்கொள்கிறது. உறுப்பின் தொழிலை உறுப்பை உடையதன் மேல் ஏற்றிச் சொல்லலாம் என்பது, சினைவினை முதலோடு முடியும் என்று தொல்காப்பியத்திலேயே அங்கீகாரம் பெற்ற பழைய மரபு. ஆனால் அந்தச் சௌகரியம் ஓர் எல்லையோடு நின்றுவிடுகிறது. மேலே கண்ட கல்யாண உதாரணத்தைப் பெயரெச்சத்தால் சொல்லப் பார்த்து, 'மகள் கல்யாணத்துக்குப் போன நண்பர்' என்றோமானால், கல்யாணத்துக்குப் போனவர் நாம் என்பது மாறி, நண்பரே போனதாக அர்த்தம் புரண்டுவிடுகிறது. அப்போது, 'யாருடைய மகளின் கல்யாணத்துக்கு நாம் போனோமோ அந்த நண்பர்' என்று சுற்றி வளைத்துத்தான் சொல்லவேண்டியிருக்கிறது. தமிழில் எந்த இடத்தில் பெயரெச்சம் தோற்றுப்போய் 'யாருடைய' என்ற சொல் வேண்டியிருக்கிறதோ, அந்த இடத்தில்தான் ஆங்கிலத்திலும் மாணவர் தடுமாறுகிறார். ஆகையால், ஐயம் நேரும்போதெல்லாம் தமிழ் வாக்கியத்தை 'யாருடைய... அவர்', 'எதனுடைய... அது' என்று மனத்துக்குள் விரித்துக்கொண்டு பிறகு ஆங்கிலத்தில் எழுதுவது சிறந்த உபாயம்.

இந்தச் சிரமம் நமக்கு மட்டும் உரியதன்று. எட்வர்ட் கீனன், பெர்னார்ட் காம்ரி என்னும் இரு மொழியறிஞர்கள் உலகத்தின் பல பாஷைகளை ஒப்பிட்டு 1977ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், ஒரு பெயரை இவ்வாறு இணைப்பு வாக்கியத்தால் விசேஷிப்பதற்கு எழுவாய் மிகச் சுலபமான ஸ்தானம் என்றும், செயப்படுபொருள் முதலியவை அதற்கு அடுத்தடுத்த படிகள் என்றும், உடைமையாளரோ ஏறக்குறையக் கடைசிப் படியில் இருப்பவர் என்றும் ஒரு கிரமத்தை நிறுவினார்கள். ஆகவே 'ஹூ' வந்த நாளிலேயே 'ஹூஸ்' வரவில்லையே என்று எவரும் மனம் தளர வேண்டுவதில்லை.

உடைமையாளரைத் திரும்பச் சொல்லும் பழக்கத்தால் விளைகிற பிழைகளை மட்டும் முளையிலேயே கிள்ளிவிட வேண்டும். "தி பாய் ஹூ ஹிஸ் ஃபாதர் இஸ் எ டாக்டர்" என்று எழுதுகிறவர், இணைக்கும் தொழிலை ஒரு சொல்லுக்கும் உரிமை காட்டும் தொழிலை இன்னொரு சொல்லுக்கும் கொடுத்துவிடுகிறார்; ஒரே சொல் இரண்டையும் செய்யும் என்பதை அவர் இன்னும் நம்பவில்லை. "ஹூஸ் ஹிஸ் ஃபாதர்" என்று எழுதுகிறவரோ உரிமையை இரண்டு தடவை காட்டிவிடுகிறார். "ஹூஸ் தி ஃபாதர்" என்று எழுதுவதும் பிழையே. ஏனென்றால் 'மை', 'ஹிஸ்', 'அவர்' முதலிய உடைமைச் சொற்கள் முன்னிற்கும் பெயருக்குத் 'தி'யோ 'எ'யோ வருவதில்லை. 'மை தி ஹவுஸ்' என்று எவரும் சொல்வதில்லையே. அந்த நியமம் 'ஹூஸ்' என்பதற்கும் பொருந்தும்.

வினைமுற்றின் ஒருமை பன்மையைப் பற்றியும் ஒரு வார்த்தை. முதலில் காட்டிய பரீட்சை வாக்கியத்தில் இரண்டு வினைகள் இருக்கின்றன. 'ஆர்' என்பது பதிவெண்களைச் சார்ந்தது; 'ஹேவ்' என்பது விண்ணப்பதாரர்களைச் சார்ந்தது. தேறியவர் ஒருவரே ஆனால், "தி கேண்டிடேட் ஹூஸ் ரெஜிஸ்டர் நம்பர் இஸ் கிவன் பிலோ ஹேஸ் பாஸ்ட்" என்று இரண்டும் மாறும். ஆனால் ஒரு குடியானவருக்குப் பல பசுக்கள் இருந்து அவை மேய்ந்துகொண்டிருந்தால், "தி ஃபார்மர் ஹூஸ் கௌஸ் ஆர் கிரேஸிங் தேர் இஸ் மை அங்கிள்" என்று, பசுக்களுக்கு 'ஆர்', குடியானவருக்கு 'இஸ்' என ஒரே வாக்கியத்தில் பன்மையும் ஒருமையும் அருகருகே நிற்கும். 'ஹூஸ்' என்பதைத் தொடர்ந்து வருகிற பெயர் எழுவாயாக நின்றால், அந்தப் பெயரே அதற்கு அடுத்த வினையை ஆளும்; முன்னால் இருக்கும் பெயர் பிரதான வாக்கியத்தின் வினையை ஆளும்.

'இன்', 'வித்', 'ஃப்ரம்' போன்ற முன்னிடைச் சொற்கள் சேரும்போது என்ன செய்வது? "வி லிவ் இன் ஹிஸ் ஹவுஸ்" என்பதை இணைக்க இரண்டு வழிகள் உண்டு. "தி மேன் இன் ஹூஸ் ஹவுஸ் வி லிவ்" என்று 'இன்' என்பதையும் கட்டோடு சேர்த்து முன்னே கொண்டுவருவது எழுத்து வழக்கு. விண்ணப்பங்களிலும் கட்டுரைகளிலும் இதுவே கம்பீரமாக இருக்கும். "தி மேன் ஹூஸ் ஹவுஸ் வி லிவ் இன்" என்று அதைக் கடைசியில் விட்டுவிடுவது பேச்சு வழக்கு. ஆங்கிலேயர் வீட்டிலும் வீதியிலும் இப்படியே பேசுகிறார்கள். இரண்டும் சரியே. முன்னும் வைத்துப் பின்னும் வைத்து 'இன்' என்பதை இருமுறை எழுதுவதும், இரண்டு இடத்திலும் அதை மறந்துவிடுவதுமே தவறுகள்.

மனிதரை விட்டுப் பொருள்களுக்கு வருவோம். மரத்துக்கும் வீட்டுக்கும் புத்தகத்துக்கும் 'ஹூஸ்' வரலாமா என்ற கேள்வி இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக விவாதிக்கப்பட்டு வந்திருக்கிறது. இன்றும் சில ஆசிரியர்கள் அது கூடாது என்று சிவப்பு மையால் அடித்துவிடுகிறார்கள். 'ஹூ' மனிதருக்கு உரியது, 'விச்' பொருளுக்கு உரியது, ஆகையால் 'ஹூ'விலிருந்து பிறந்த 'ஹூஸ்' மனிதருக்கே உரியது என்பது அவர்களுடைய தர்க்கம். கேட்பதற்கு நியாயமாகத் தோன்றினாலும், சரித்திரம் இதற்குச் சாட்சி சொல்வதில்லை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட பழைய ஆங்கிலத்தில் 'யார்' என்பதற்கு 'ஹ்வா' என்றும், 'எது' என்பதற்கு 'ஹ்வாட்' என்றும் இரண்டு வினாச் சொற்கள் இருந்தன. அவை இரண்டுக்கும் ஆறாம் வேற்றுமை வடிவம் ஒன்றே. ஏறத்தாழ 'ஹ்வாஸ்' என்று ஒலித்த அந்த வடிவமே காலப்போக்கில் திரிந்து இன்றைய 'ஹூஸ்' ஆயிற்று. ஆகவே யாருடைய என்பதும் எதனுடைய என்பதும் பிறப்பிலேயே அச்சொல்லின் பொருள்கள்தாம்.

'ஹிஸ்' என்ற சொல்லும் ஒரு காலத்தில் இப்படியே அவனுக்கும் அதற்கும் பொதுவாக இருந்தது. பதினாறாம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில் 'இட்ஸ்' என்ற புதிய சொல் தோன்றி, அஃறிணையைத் தனக்கென்று பிரித்துக்கொண்டது. ஆனால் 'விச்' என்பதற்கு அப்படி ஓர் உடைமை வடிவத்தை எவரும் உண்டாக்கவில்லை. அந்த வெற்றிடத்தை அன்றுமுதல் இன்றுவரை 'ஹூஸ்' ஒன்றே நிரப்பி வருகிறது. 1611ஆம் ஆண்டில் வெளிவந்த ஆங்கில பைபிள் மொழிபெயர்ப்பில், இஸ்ரவேலருக்கு வாக்களிக்கப்பட்ட நிலத்தின் கல்லையும் மலையையும் உபாகமம் வருணிக்கிற இடத்தில், நிலத்தைக் குறித்து 'ஹூஸ்' வருகிறது. மில்டன் 1667இல் வெளியிட்ட 'பாரடைஸ் லாஸ்ட்' என்னும் மகாகாவியத்தின் முதல் வாக்கியத்திலேயே, விலக்கப்பட்ட மரத்தைக் குறித்து அது வருகிறது. இவர்களுக்குப் பின்னால் வந்த ராபர்ட் லௌத் என்ற பாதிரியார் 1762இல் எழுதிய இலக்கண நூலில், பொருள்களுக்கு 'ஹூஸ்' வழங்குவது முறையன்று என்ற தம் அபிப்பிராயத்தைத் தெரிவித்தார். பிற்காலத்துப் பள்ளி இலக்கணங்கள் அதுபோன்ற அபிப்பிராயத்தையே விதியாக்கிவிட்டன. 1926இல் தம் பிரயோக அகராதியை வெளியிட்ட ஃபௌலர் என்பவர், அந்த விதியால் ஆங்கில நடை வீணாக விறைத்துப்போகிறது என்று உறுதியாக எதிர்த்து வாதித்தார். அவர் சொன்னதே சரி என்பது எங்கள் தீர்மானமான அபிப்பிராயம். இன்றைய தரமான இலக்கண நூல்களும் பொருள்களுக்கு இச்சொல் வருவதை ஏற்றுக்கொள்கின்றன. ஆனால் ஒன்றை மறவாதீர்கள்: "ஹூஸ் ஹவுஸ் இஸ் திஸ்?" என்று கேள்வி கேட்கும்போது மட்டும் 'ஹூஸ்' மனிதரையே குறிக்கும். பொருள்களைக் குறிக்கும் உரிமை இணைப்புச் சொல்லுக்கே உண்டு, வினாச் சொல்லுக்கு இல்லை.

அதை விலக்கினவர்கள் அதன் ஸ்தானத்தில் வைத்தது 'ஆஃப் விச்' என்ற தொடர். அட்டை கிழிந்த புத்தகம் என்பதை "தி புக் தி கவர் ஆஃப் விச் இஸ் டோர்ன்" என்று அவர்கள் எழுதச் சொல்வார்கள். இதில் உடைமைப் பொருளுக்கு முன்னால் 'தி' கட்டாயம் வரும். 'ஹூஸ்' வாக்கியத்தில் விலக்கப்பட்ட 'தி' இங்கே திரும்ப வந்துவிடுகிறது என்பதைக் கவனியுங்கள். பிழையற்ற பிரயோகமே ஆனாலும், இருபெயர்கள் நடுவில் எதுவுமின்றி மோதிக்கொள்வதால் படிக்கிறவர் ஒரு கணம் நின்று தயங்க நேரிடுகிறது. "தி புக் ஹூஸ் கவர் இஸ் டோர்ன்" என்பது எவ்வளவு தெளிவாக ஓடுகிறது! யந்திரங்களையும் ஒப்பந்தங்களையும் விவரிக்கும் சாஸ்திரீய நூல்களிலும் சட்டப் பத்திரங்களிலும் 'ஆஃப் விச்' இன்னும் செல்வாக்கோடு இருக்கிறது. அங்கே அதைப் படித்து அர்த்தம் செய்துகொள்ளத் தெரிந்திருந்தால் போதும்.

இன்னும் சுலபமான மூன்றாம் வழி ஒன்று உண்டு. அன்றாடப் பேச்சில் ஆங்கிலேயர் மிகுதியும் கையாளுவது அதுதான். உறுப்பையோ அடையாளத்தையோ குறிக்கும்போது, அவர்கள் இணைப்பு வாக்கியத்தையே அமைக்காமல், 'வித்' என்ற சொல்லால் முடித்துவிடுகிறார்கள். கால் உடைந்த நாற்காலி 'எ சேர் வித் எ ப்ரோக்கன் லெக்'. அட்டை கிழிந்த புத்தகம் 'எ புக் வித் எ டோர்ன் கவர்'. தமிழில் உருபில்லாமல் பெயரெச்சம் செய்கிற வேலையை ஆங்கிலத்தில் பெரும்பாலும் செய்வது இந்த 'வித்' என்ற சொல்லே. ஆகையால் உடைமைப் பொருள் உறுப்பாகவும் செய்தி சிறியதாகவும் இருந்தால் 'வித்' என்பதை நாடுங்கள்; அந்தப் பொருள் ஒரு தொழிலைச் செய்வதாகவோ, ஒரு தொழிலுக்கு ஆட்படுவதாகவோ இருந்தால் 'ஹூஸ்' என்பதை நாடுங்கள்.

காற்புள்ளியைச் சிறிய விஷயம் என்று எண்ணிவிடக் கூடாது. இடுவதா, விடுவதா என்பதைப் பொறுத்து வாக்கியத்தின் அர்த்தமே வேறாகிறது. "தி பாய்ஸ் ஹூஸ் பேக்ஸ் வேர் வெட் ஸ்டுட் அவுட்சைட்" என்று காற்புள்ளி இல்லாமல் எழுதினால், பல பையன்களில் பை நனைந்தவர்கள் மட்டும் வெளியே நின்றார்கள். மற்றவர்கள் உள்ளே போய்விட்டார்கள். அதே வாக்கியத்தில் 'பாய்ஸ்' என்பதற்குப் பின்னும் 'வெட்' என்பதற்குப் பின்னும் காற்புள்ளி இட்டால், பையன்கள் எல்லாருமே வெளியே நின்றார்கள், எல்லாருடைய பைகளும் நனைந்திருந்தன என்று ஆகிவிடுகிறது. முதல் வாக்கியத்தில் உபவாக்கியம் ஆளைப் பொறுக்கி எடுக்கிறது. இரண்டாவதில், ஏற்கெனவே நிர்ணயமாகிவிட்ட ஆளைப் பற்றி மேலும் ஒரு செய்தியைச் சேர்க்கிறது. இதனால்தான், பெயர் சொல்லிக் குறிக்கப்பட்ட ஒருவருக்குப் பின்னால் வரும் 'ஹூஸ்' வாக்கியத்தின் இருபுறமும் சாதாரணமாகக் காற்புள்ளி வருகிறது. பெயரே ஆளை நிர்ணயித்துவிட்டதல்லவா? "சாமுவேல் ஜான்சன், ஹூஸ் டிக்‌ஷனரி அப்பியர்ட் இன் 1755, லிவ்ட் இன் லண்டன்" என்பதில் அகராதியைப் பற்றிய செய்தியை எடுத்துவிட்டாலும் ஜான்சன் ஜான்சனே. எடுத்துப் பாருங்கள், எடுத்த பிறகு ஆள் யார் என்பது தெரியாமல் போகுமானால் காற்புள்ளி வேண்டாம், தெரியுமானால் இரண்டு காற்புள்ளிகளும் வேண்டும். தொடக்கத்தில் ஒன்றை இட்டுவிட்டு முடிவில் உள்ளதை மறந்துவிடுகிறவர்களே பலர்.

எழுத்துக் கூட்டலில் ஓர் ஆபத்து இருக்கிறது. 'ஹூ இஸ்' அல்லது 'ஹூ ஹேஸ்' என்பது சுருங்கும்போது அதன் ஒலியும் 'ஹூஸ்' என்றே ஆகிவிடுகிறது. காதால் வேறுபாடு காண முடியாது. சுருங்கிய சொல்லில் டபிள்யூ, எச், ஓ என்ற மூன்றெழுத்துக்குப் பின் மேற்குறியும் அதன் பின் எஸ்ஸும் வரும். நம் உடைமைச் சொல்லிலோ மேற்குறியே கிடையாது. டபிள்யூ, எச், ஓ, எஸ், ஈ என்ற ஐந்தெழுத்தும் தொடர்ந்து வரும். பெயர்ச்சொற்களுக்கு உடைமை காட்டும்போது மேற்குறி இட்டுப் பழகிய கை இங்கும் அதை இட்டுவிடுகிறது. இங்கிலாந்தில் பிறந்தவர்களே இப்பிழையைச் செய்வது உண்டு. 'ஹிஸ்', 'ஹெர்ஸ்', 'இட்ஸ்', 'தெயர்ஸ்' என்னும் உடைமைப் பிரதிப்பெயர்கள் எதற்கும் மேற்குறி இல்லை; 'ஹூஸ்' என்பதும் அவற்றின் இனமே என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம். சந்தேகம் தோன்றினால் அவ்விடத்தில் 'ஹூ இஸ்' என்று விரித்துப் படித்துப் பாருங்கள். "தி பாய் ஹூ இஸ் ஸிங்கிங்" என்பது பொருள் தருகிறது, ஆகவே அங்கே மேற்குறி உண்டு. "தி பாய் ஹூ இஸ் ஃபாதர் இஸ் எ டாக்டர்" என்பது பொருள் தரவில்லை, ஆகவே அங்கே இல்லை.

"ஐ நோ ஹூஸ் ஹவுஸ் திஸ் இஸ்" என்ற வாக்கியத்தில் உள்ள 'ஹூஸ்' நாம் படித்துவந்த சொல்லன்று. அது இணைப்புச் சொல்லாக அல்லாமல் வினாச் சொல்லாகவே நிற்கிறது. இது யார் வீடு என்று எனக்குத் தெரியும் என்பது அதன் கருத்து. அதற்கு முன்னால் எந்தப் பெயரும் இல்லை என்பதே அடையாளம்.

இணைப்பு வாக்கியத்தை எங்கே வைப்பது என்பதில் செய்யும் தவறு, மற்ற எல்லாத் தவறுகளையும்விடப் படிப்பவரை அதிகமாக ஏமாற்றிவிடும். இரண்டு வாக்கியங்களை எடுத்துக்கொள்வோம்: "தி விடோ கேம் டு தி ஆஃபீஸ். ஹெர் பென்ஷன் ஹேட் ஸ்டாப்ட்." பென்ஷன் நின்றுபோன விதவை காரியாலயத்துக்கு வந்தாள். அவசரத்தில் இரண்டாவதை முதலாவதின் வாலில் ஒட்டிவிட்டால், "தி விடோ கேம் டு தி ஆஃபீஸ் ஹூஸ் பென்ஷன் ஹேட் ஸ்டாப்ட்" என்றாகி, காரியாலயத்தின் பென்ஷனே நின்றுபோய்விடும்! 'ஹூஸ்' தன் உடைமையாளரை ஒட்டியே நிற்க வேண்டும். ஆகவே முதல் வாக்கியத்தை நடுவில் பிளந்து, "தி விடோ ஹூஸ் பென்ஷன் ஹேட் ஸ்டாப்ட் கேம் டு தி ஆஃபீஸ்" என்று எழுதுங்கள். இரண்டு பெயர்கள் ஒருங்கே முன்னால் நிற்கும்போதும் இந்தக் குழப்பம் நேரும். "ஐ மெட் தி பிரதர் ஆஃப் தி லாயர் ஹூஸ் கார் வாஸ் ஸ்டோலன்" என்றால் திருட்டுப்போனது வக்கீலின் காரா, அவர் சகோதரரின் காரா? சகோதரருடையது என்றால், "ஐ மெட் தி லாயர்ஸ் பிரதர், ஹூஸ் கார் வாஸ் ஸ்டோலன்" என்று பெயர்களின் வரிசையை மாற்றினால் தெளிவாகும். வக்கீலுடையது என்றால், இரண்டு தனி வாக்கியங்களாகவே எழுதிவிடுவது உத்தமம். எல்லாவற்றையும் இணைத்தே தீரவேண்டும் என்ற கட்டாயம் எந்தப் பாஷையிலும் இல்லை.

அப்பியாசத்துக்காகச் சில வாக்கியங்களைக் கீழே தருகிறோம். விடையைப் படிக்குமுன் தாளில் எழுதிப் பார்த்துக்கொள்ளுங்கள்.

"வி விசிட்டட் எ டெம்பிள். இட்ஸ் டவர் கேன் பி ஸீன் ஃப்ரம் தி ரோட்." ஒரு கோயிலுக்குப் போனோம்; அதன் கோபுரம் சாலையிலிருந்தே தெரியும். கோயில் அஃறிணை என்று தயங்க வேண்டாம்: "வி விசிட்டட் எ டெம்பிள் ஹூஸ் டவர் கேன் பி ஸீன் ஃப்ரம் தி ரோட்."

"தி மெர்ச்சண்ட் இஸ் ஸிக். ஐ வொர்க் இன் ஹிஸ் ஷாப்." வியாபாரி நோயுற்றிருக்கிறார், நான் அவர் கடையில் வேலை செய்கிறேன். 'இன் ஹிஸ் ஷாப்' என்ற மூன்று சொற்களும் ஒரு கட்டு. உடைமையாளரோ முதல் வாக்கியத்தின் தலையில் இருக்கிறார். ஆகவே நடுவில் பிளந்து, "தி மெர்ச்சண்ட் இன் ஹூஸ் ஷாப் ஐ வொர்க் இஸ் ஸிக்" என்று எழுத வேண்டும். கடைசியில் வரும் 'இஸ் ஸிக்' வியாபாரிக்கு உரியது என்பதை மறந்து, 'ஐ வொர்க்' என்பதோடு நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. பிரதான வாக்கியம் முடியாமல் அந்தரத்தில் தொங்கும்.

"சார்லஸ் டார்வின் வாஸ் பார்ன் இன் 1809. ஹிஸ் மோஸ்ட் ஃபேமஸ் புக் கேம் அவுட் இன் 1859." இது பெயர் சொல்லிக் குறித்த ஆள், ஆகையால், "சார்லஸ் டார்வின், ஹூஸ் மோஸ்ட் ஃபேமஸ் புக் கேம் அவுட் இன் 1859, வாஸ் பார்ன் இன் 1809" என்று இருபுறமும் காற்புள்ளி வரும்.

கடைசியாக, சற்றுக் கடினமானது. "தி டீச்சர் ரிடையர்ட் டுடே. மெனி ஆஃப் ஹிஸ் ஸ்டூடண்ட்ஸ் பிகேம் ஜட்ஜஸ்." ஆசிரியர் இன்று ஓய்வுபெற்றார், அவருடைய மாணாக்கரில் பலர் நீதிபதிகள் ஆனார்கள். இங்கே கட்டு 'ஹூஸ்' என்பதிலிருந்து தொடங்காமல் அதற்கு முன்னுள்ள 'மெனி ஆஃப்' என்பதையும் சேர்த்துக்கொள்கிறது: "தி டீச்சர், மெனி ஆஃப் ஹூஸ் ஸ்டூடண்ட்ஸ் பிகேம் ஜட்ஜஸ், ரிடையர்ட் டுடே." 'மெனி' என்பதற்குப் பதில் 'ஸம்', 'மோஸ்ட்', 'ஆல்' என்பவற்றில் எது வந்தாலும் அமைப்பு இதுவே. ஆசிரியர் இன்னார் என்பது கேட்பவருக்கு முன்பே தெரிந்திருப்பதால் இங்கும் காற்புள்ளிகள் இரண்டும் வேண்டும்.